ஐந்து நாள் காத்திருப்பு

பாளையங்கோட்டையில் நரம்பியல் பிரிவில் நான் பணியாற்றிய காலத்தில், முக்கூடல் பக்கத்துக் கிராமத்திலிருந்து பீடி சுற்றும் பெண் ஒருத்தி வந்து சேர்ந்தாள்; வயது 19. கோயில் கொடை முடிந்த வாரத்தில் உறக்கம் போய், பேச்சு தடுமாறி, பின்பு வலிப்பும் வந்திருந்தது. படுக்கையில் அவள் வாய் எதையோ மென்றுகொண்டே இருக்க, இரு கைகளின் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் ஓயாமல் உருட்டிக்கொண்டிருந்தன.

"பீடில்லா சுத்துதா, டாக்டரம்மா" என்றார் தாய்.

நானோ அதை வலிப்பின் தொடர்ச்சி என்று எண்ணி மருந்தைக் கூட்டினேன். ஸ்கேனில் குறையில்லை, முதுகுத் தண்டு நீரில் மட்டும் வெள்ளணுக்கள் சற்று மிகுந்திருந்தன. மூளை நரம்பணுக்கள் செய்தி பெற உதவும் என்எம்டிஏ ஏற்பிகளுக்கு எதிராக உடலே உருவாக்கும் ஆன்டிபாடி உண்டா என்றறிய அந்நீரை வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு, முடிவுக்காக ஐந்து நாள் காத்திருந்தேன். அறிகுறிகள் பொருந்தி, பிற காரணங்கள் விலக்கப்பட்டால் முடிவு வருமுன்பே சிகிச்சையைத் தொடங்க இடம் தரும் வரையறைகள் 2016இலேயே வெளிவந்துவிட்டன; அவற்றை நான் படித்தும் இருந்தேன்.

முடிவு ஆன்டிபாடி உண்டு என்றது. 2007இல் நரம்பியல் மருத்துவர் டால்மாவின் குழுவினர் விவரித்த இந்த மூளையழற்சி நோயில், ஆன்டிபாடிகள் நரம்பணுவின் மேற்பரப்பிலுள்ள ஏற்பிகளை உள்ளிழுக்கச் செய்கின்றனவே தவிர, அணுவை உடனே கொல்வதில்லை. ஆன்டிபாடி குறைந்தால் ஏற்பிகள் திரும்புகின்றன. மீள முடிவதும், விரைந்து தொடங்கச் சொல்வதும் இதனால்தான். எதிர்ப்பாற்றலின் தாக்குதலைத் தணிக்க மெத்தில்பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டும் இம்யூனோகுளோபுலினும் ஐந்து நாள் கொடுத்தோம். சிலருக்கு இந்நோயைத் தூண்டும் சினைப்பைக் கட்டி இவளுக்கு இல்லை. இரு வாரமாகியும் முன்னேற்றம் இல்லாததால், அடுத்த கட்ட மருந்தான ரிட்டுக்சிமாப் தொடங்கினோம். முதலில் உறக்கம் வந்தது, பிறகு பார்வை நிலைத்தது. பேச்சு கடைசியாகத்தான் வந்தது. ஏழாம் வாரத்தில் "எம்மா, தாகமா இருக்கு" என்றாள்.

இந்நோய் கண்ட 577 பேரை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வில், 24 மாதம் கண்காணிக்கப்பட்டவர்களில் 81 சதவீதத்தினர் நல்ல நிலையை அடைந்தனர். உடல் தேறுவது 18 மாதம் வரையிலும் தொடர்ந்தது. அந்த ஆய்வின் அளவுகோலில் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்பவர் 'நல்ல நிலை'யில் சேர்ந்துவிடுவார். எட்டாம் மாதம் வெளிநோயாளியாக வந்தபோது இவளும் அதில் சேர்ந்திருந்தாள். விரல்கள் பழைய வேகத்தில் இலையைச் சுருட்டின; ஆனால் கட்டுக்கு 25 எண்ணும்போது 22இலோ 28இலோ நிறுத்திவிடுகிறாள். நான் காத்திருந்த ஐந்து நாளுக்கும் இந்தக் கணக்குப் பிழைக்கும் தொடர்பு உண்டா என்று எந்தச் சோதனையாலும் காட்ட முடியாது.

அவள் மருந்து வாங்கப் போனபின் தாய் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அவளுக்குத் தெரியாம நான் திரும்ப எண்ணி வைக்கேன், டாக்டரம்மா."