அறை அறையாக ரெய்க்யாவிக்

2012 அக்டோபர் 31, புதன்

கையில் பட்டை கட்டியாயிற்று. இனி ஞாயிறு இரவு வரை இதுதான் என் நுழைவுச்சீட்டு. ஐஸ்லாந்து ஏர்வேவ்ஸ் இசை விழா இன்று தொடங்கியது. 1999இல் நாட்டின் தலைநகரான ரெய்க்யாவிக்கின் உள்ளூர் விமான நிலையத்தின் கொட்டகை ஒன்றில் நடந்த கச்சேரிதான் இதன் வித்து. இன்று அது ஊரின் நடுப்பகுதி முழுக்கப் பரவிவிட்டது. மைதானமும் கூடாரமும் இங்கே கிடையாது. பழைய நாடக அரங்கு, மதுக்கடை மாடி, அருங்காட்சியகம், தேவாலயம் என எங்கே கூரை உண்டோ அங்கே மேடை. நவம்பர் குளிரில் வேறு வழியும் இல்லை.

அக்கா மகள் இங்கே புவிவெப்ப ஆற்றல் படிக்கிறாள். மூன்று வருடமாக என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். சென்னையில் கச்சேரிகளுக்கு ஒலி அமைப்பது என் தொழில். மார்கழி வந்துவிட்டால் சபா சபாவாக ஓடுகிறவள்தான் நான். அதனால் நிகழ்ச்சி நிரலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இடம் மாறி இடம் ஓடுவது எனக்குப் பழகிய வேலை. இங்கே ஓடுவது சொந்தப் பாட்டு எழுதும் இளைஞர்களைத் தேடி. அதற்காகத்தான் வந்தேன்.

முதல் இரவு இத்னோ. 1897இல் திறந்த மர அரங்கு, ஏரிக்கரையில் இருக்கிறது. உள்ளே போனதும் ஒருமுறை கைதட்டிப் பார்த்தேன். மரச்சுவர் சத்தத்தை உடனே வாங்கிக்கொண்டு மெல்லத் திருப்பித் தருகிறது. இப்படி ஓர் அறை கிடைத்தால் மிக்ஸரில் பாதி வேலை மிச்சம்.

நவம்பர் 1, வியாழன்

விடியவே ஒன்பது மணி ஆகிவிடுகிறது. மாலை ஐந்தேகாலுக்குள் சூரியன் மறைந்துவிடும். நடுவில் கிடைக்கிற வெளிச்சத்தில்தான் இலவசக் கச்சேரிகள். பட்டை இல்லாதவர்களும் போகலாம். புத்தகக் கடை, துணிக்கடை, விடுதிக் கூடம் எல்லாவற்றிலும் யாராவது பாடிக்கொண்டிருக்கிறார்கள். விழாவின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு கடையில் கம்பளிச் சட்டைகளைத் தள்ளி வைத்துவிட்டு மூன்று பேர் வாசித்தார்கள். முன்வரிசையில், காதில் பெரிய தடுப்பு மாட்டிய குழந்தைகள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தன. டிக்கெட் வாங்க முடியாத பள்ளிப் பிள்ளைகளுக்கும் நல்ல இசை காதில் விழுகிறது. எந்த ஊரும் தன் பிள்ளைகளுக்குச் செய்ய வேண்டிய காரியம் இது.

மதியம் கெக்ஸ் விடுதி. முன்பு பிஸ்கட் தொழிற்சாலையாக இருந்த கட்டடம். அமெரிக்காவின் சியாட்டிலிலிருந்து கேஇஎக்ஸ்பி வானொலிக்காரர்கள் வந்து இங்கிருந்தே நேரடியாக ஒலிபரப்புகிறார்கள். மைக் வைப்பதில் அவர்களுக்கு இருக்கும் பொறுமையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். டிரம்ஸுக்கு மேலே தொங்கும் மைக்கை ஒருவர் விரல் அகலம் நகர்த்துகிறார், காதில் வாங்குகிறார், மறுபடி நகர்த்துகிறார். 2010 விழாவின்போது இதே வானொலிதான் ஒரு வீட்டுக் கூடத்தில் ஒரு புதுக் குழுவைப் பதிவு செய்தது. ஆஃப் மான்ஸ்டர்ஸ் அண்ட் மென் என்ற அந்தக் குழுவை அப்போது வெளியே யாருக்கும் தெரியாது. இந்த வருடம் அவர்களுடைய தொகுப்பு அமெரிக்கப் பட்டியலில் முதல் பத்துக்குள் வந்துவிட்டது.

மொத்தமே ஏறக்குறைய 3,20,000 பேர் வாழும் நாட்டில் இத்தனை குழுக்கள் எங்கிருந்து வருகின்றன? அக்கா மகளிடம் கேட்டேன். "சின்ன ஊர்ல கூட மியூசிக் ஸ்கூல் இருக்கு சித்தி. அரசாங்கமும் ஊராட்சியும் காசு போடுது. என் லேப்ல பாதிப் பேர் ஏதாவது ஒரு பேண்டுல இருக்காங்க" என்றாள். அதோடு மூசிக்டில்ரோய்னிர் என்ற இளைஞர் குழுக்களுக்கான போட்டி 1982 முதல் நடக்கிறது. மேலே சொன்ன குழு 2010இல் அதில் வென்றதுதான். ஒரே டிரம்மர் நான்கு குழுக்களில் வாசிப்பதும் இங்கே சகஜம். இன்று மதியம் பார்த்த டிரம்மரை இரவு வேறொரு மேடையில் வேறு சட்டையில் பார்த்தேன்!

இன்று சோலே என்ற பாடகி பாடியதையும் கேட்டுவிட்டோம். ஒற்றைக் கீபோர்டு, தன் குரலையே அடுக்கி அடுக்கி எழுப்பும் லூப் பெடல். கூட்டத்தில் ஒருவரும் பேசவில்லை.

நவம்பர் 2, வெள்ளி

காற்று. இதை எழுதும்போதும் ஜன்னல் அதிர்ந்துகொண்டிருக்கிறது. நம் கடற்கரைப் புயலைப் பார்த்தவள்தான் நான். ஆனால் மழை பெரிதாக இல்லாமல் காற்று மட்டும் இப்படி வருவதை இன்றுதான் கண்டேன். ஹோஃப்தாடோர்க் என்ற உயரமான கண்ணாடிக் கோபுரத்தின் அடியில் காற்று குவிந்து ஆட்களைத் தூக்கி எறிந்திருக்கிறது. மனிதர்கள் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும் படங்கள் காலையிலிருந்தே எல்லார் கைப்பேசியிலும் ஓடுகின்றன.

"இன்னைக்கு வீட்லயே இருந்துடலாமா சித்தி?" என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே பூட்ஸ் போட்டாள்.

ஹார்பா அரங்கம் கடலை ஒட்டியே நிற்கிறது. வீட்டிலிருந்து அங்கே போகும் வழியில் கடைசித் திருப்பம் வரை சமாளித்துவிட்டோம். அதற்கப்பால் திறந்தவெளி. இரண்டு பேரும் கை கோத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, காற்று சற்றுத் தணிகிற நேரம் பார்த்து ஓடினோம். எங்களுக்கு முன்னால் ஒருவர் கிட்டார் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு பக்கவாட்டில் நடந்துகொண்டிருந்தார். கதவருகே விழாத் தொண்டர்கள் வரிசையாக நின்று, வருகிறவர்களின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்கள்.

உள்ளே போனதும் இந்தக் கட்டடத்தின் கதை நினைவுக்கு வந்தது. 2008இல் இந்நாட்டு வங்கிகள் சரிந்தபோது ஹார்பா பாதியில் நின்ற எலும்புக்கூடு. பணம் போட்டவர்கள் போய்விட்டார்கள். இடிப்பதா, அப்படியே விடுவதா என்று பேச்சு இருந்தது. அரசும் நகராட்சியும் சேர்ந்து கட்டி முடிப்பது என்று முடிவெடுத்தன. 2011 மே மாதம் முதல் கச்சேரி. மருத்துவமனைக்கே செலவைக் குறைத்த காலத்தில் இசை அரங்கமா என்று கேட்டவர்கள் ஏராளம். கேள்வி நியாயமானது. ஆனாலும் இன்று இரவு, ஊரே ஆடிக்கொண்டிருந்தபோது, ஓலாஃபுர் எலியாசன் வடிவமைத்த அந்தக் கண்ணாடி முகப்புக்குப் பின்னால் நனைந்த கோட்டுகளோடு நின்ற நூற்றுக்கணக்கானவர்களில் நானும் ஒருத்தி. கட்டியது சரிதான் என்று எனக்குப் பட்டது.

சில்ஃபுர்பெர்க் கூடத்தில் ஒலி துல்லியம். பாஸ் கிட்டார் கால் வழியாக ஏறுகிறது, ஆனால் குரலை மூடவில்லை. பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் வெளியே காற்று கேட்கிறதா என்று காது கொடுத்தேன். ஒரு துளி கேட்கவில்லை. அப்படிப் பிரித்துக் கட்டியிருக்கிறார்கள். இரவு ஒன்றரைக்குத்தான் கிளம்பினோம். திரும்பும்போது காற்று முதுகில். நடக்கவே வேண்டியதில்லை, தள்ளிக்கொண்டு வந்து விட்டது.

நவம்பர் 3, சனி

எங்கே காபி குடிக்கப் போனாலும் ஆஸ்கெய்ர் த்ராய்ஸ்தியின் குரல். இருபது வயதுப் பையன். முதல் தொகுப்பு செப்டம்பரில்தான் வந்தது. பாடல் வரிகளில் பெரும்பகுதி அவருடைய அப்பா எழுதிய கவிதைகள். எழுபது வயதுத் தகப்பனின் சொல்லை மகன் பாட, ஊர் முழுக்க முணுமுணுக்கிறது. டோல்ஃப் டோனார் இசைக்கடையில் காபி கொடுத்து, எந்த இசைத்தட்டையும் கேட்டுப் பார்க்க விடுகிறார்கள். அங்கேயே ஒரு மணி நேரம் போயிற்று.

பிறகு அக்கா மகள் என்னை நாடாளுமன்றத்துக்கு முன்னால் இருக்கும் சதுக்கத்துக்குக் கூட்டிப்போய், பூட்டிய கட்டடம் ஒன்றைக் காட்டினாள். நாசா. பல வருடம் இந்த விழாவின் முக்கியமான அரங்கு. இந்தக் கோடையில் மூடிவிட்டார்கள். இடத்தில் விடுதி கட்டத் திட்டம். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இசையைக் கேட்க வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், அவர்கள் தங்க விடுதி வேண்டும், விடுதிக்காக இசை கேட்கும் இடத்தையே எடுத்துக்கொள்கிறார்கள். ஹார்பா போல ஒன்றை அரசு கட்டித் தரலாம். ஐந்நூறு பேர் நெருக்கி நின்று வியர்க்கும் கூடத்தை யாரும் திட்டம் போட்டுக் கட்டுவதில்லை. அது போனால் போனதுதான். பெரிய அரங்குக்குப் போக வேண்டிய குழு முதலில் எங்கே நின்று பழகும்?

இரவு காம்லி கோய்குரின் மதுக்கடை. 1983இல் தொடங்கிய இடம். அப்போது இந்த நாட்டில் பீருக்கே தடை, 1989 மார்ச் 1 அன்றுதான் நீங்கியது. தாழ்ந்த கூரை, கருப்புச் சுவர், மேடைக்கும் கூட்டத்துக்கும் ஒரு எட்டுதான் தூரம். பாடகர் தன் குரலைக் கேட்கும் மானிட்டர் ஸ்பீக்கர் ஒன்று கரகரத்தது. ஒலிக்காரப் பெண் பதறாமல் அதை அணைத்துவிட்டு, பக்கத்து ஸ்பீக்கரைப் பாடகர் பக்கம் திருப்பி வைத்தாள். பாட்டு நிற்கவே இல்லை. முடிந்ததும் போய்க் கைகுலுக்கினேன். அரைமணி நேரம் கேபிளைப் பற்றிப் பேசினோம்.

நவம்பர் 4, ஞாயிறு

காலையில் வெந்நீர்க் குளம், பழைய துறைமுகத்தருகே 1937 முதல் இருக்கும் கடையில் ஆட்டிறைச்சி ஹாட் டாக். கால்களுக்கு இந்த ஓய்வு தேவைப்பட்டது.

இரவு லாய்கர்டால்ஸ்ஹோலின் விளையாட்டு வளாகத்தின் புது அரங்கில் சிகுர் ரோஸ் குழு. பக்கத்தில் நிற்கும் பழைய அரங்கில்தான் 1972இல் ஃபிஷரும் ஸ்பாஸ்கியும் உலகச் சதுரங்கப் பட்டத்துக்கு மோதினார்கள். ஆனந்தின் ஊரிலிருந்து வந்தவள் அதைப் பார்க்காமல் போக முடியுமா? வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டேன்.

விளையாட்டு அரங்கில் ஒலி அமைப்பது கொடுமை. சுவரில் மோதிய சத்தம் திரும்பி வந்து எல்லாவற்றையும் குழப்பிவிடும். ஆனால் இவர்களுடைய இசை அந்த எதிரொலியையே உள்ளே சேர்த்துக்கொள்கிறது. குழுவின் பாடகர் யோன்சி செலோ வில்லைக் கிட்டார் கம்பிமேல் இழுக்க இழுக்க, அரங்கம் முழுக்க அது நிரம்பியது. ஒலிப்பலகைக்குப் பின்னால் இடம் பிடித்து நின்றேன். உச்சத்தில்கூட மீட்டர் சிவப்பைத் தொடவில்லை. அத்தனை பெரிய ஒலிக்கு அத்தனை நிதானமான கை. அக்கா மகள் அழுதாள். நானும்தான்.

நவம்பர் 5, திங்கள்

விமான நிலையப் பேருந்தில் எழுதுகிறேன். இருபுறமும் எரிமலைக் குழம்பு உறைந்த கருந்தரை.

பையில் ஆஸ்கெய்ர் தட்டும் சோலே தட்டும். கோய்குரின் கூடத்தின் படமும் வரைந்து வைத்திருக்கிறேன்: மேடை உயரம், ஸ்பீக்கர் கோணம், பின்சுவரில் தொங்கிய கனத்த திரை. ராயப்பேட்டையில் தெரிந்தவர் ஒருவரின் அச்சகம் காலி செய்த மாடி பூட்டியே கிடக்கிறது. எண்பது பேர் நிற்கலாம். நம் ஊரில் சொந்தப் பாட்டு வைத்திருக்கும் பிள்ளைகள் அரங்கு வாடகை கேட்டதும் கிட்டாரை உறையில் போட்டுவிடுகிறார்கள். வாடகையைக் குறைத்துப் பேச வேண்டும், கீழ்வீட்டுக்காரர்களிடம் ஒன்பதரைக்கு நிறுத்திவிடுவோம் என்று சொல்லி வைக்க வேண்டும். திரைக்கு மூர் மார்க்கெட் பக்கம் பழைய கம்பளம் விசாரிக்கலாம். என்னிடம் இரண்டு ஸ்பீக்கரும் ஒரு சின்ன மிக்ஸரும் சும்மாதான் இருக்கின்றன.

அக்கா மகள் இப்போதுதான் குறுஞ்செய்தி அனுப்பினாள்: "பொங்கலுக்கு ஊருக்கு வரேன் சித்தி. அதுக்குள்ள மாடிய ரெடி பண்ணிடுங்க, முதல் ஷோவுக்கு வாசல்ல நான் நிக்கறேன்."