கயிற்றில் விளையும் கல்லுமேக்காய்

காசர்கோடு மாவட்டத்துப் படன்னயில், கவ்வாயிக் காயலில் மூங்கில் கழிகளை நட்டு, அவற்றில் கயிறுகளைத் தொங்கவிட்டுக் கல்லுமேக்காய் வளர்க்கிறார்கள் என்று நெடுநாளாகக் கேள்விப்பட்டிருந்தேன். சென்ற ஏப்ரலில்தான் நேரில் பார்க்க வாய்த்தது. பாறையைப் பற்றி வளரும் பச்சை ஓட்டுச் சிப்பியைத்தான் மலையாளிகள் கல்லின்மேல் காய்த்த காயாகக் கண்டு அப்படி அழைக்கிறார்கள்.

நான் பார்த்த பண்ணையை நடத்துவது ஒரு பெண்கள் சுய உதவிக் குழு. அவர்களுள் மூத்த சேச்சி தோணியிலிருந்து குனிந்து ஒரு கயிற்றை மேலே இழுத்தார். கயிறே கண்ணுக்குத் தெரியாதபடி சிப்பிகள் அடர்ந்து, நீர் சொட்டச் சொட்ட, வாய் திறந்திருந்தவை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. ஒன்றைப் பிரித்தெடுக்க முயன்றேன். அதன் பழுப்பு நிற நார்கள் விரல் வலிக்கும்வரை விடவில்லை.

அந்த நார்களை நம்பித்தான் இந்தத் தொழிலே நடக்கிறது. நவம்பர், டிசம்பர் மாதங்களில், கடலோரப் பாறைகளிலிருந்து எடுத்த குஞ்சுச் சிப்பிகளைக் கயிற்றைச் சுற்றிப் பரப்பி, பருத்திக் கொசுவலைத் துணியால் மூடித் தைத்துவிடுகிறார்கள். சில நாள்களில் துணி மட்கிப் போவதற்குள் குஞ்சுகள் நார் விட்டுக் கயிற்றைப் பற்றிக்கொள்கின்றன. அதன் பிறகு தீனி என்று எதுவும் போடுவதில்லை. காயல் நீரை வடிகட்டி, அதிலுள்ள நுண்பாசிகளை உண்டே ஐந்தாறு மாதங்களில் ஏழெட்டு சென்டிமீட்டர் வளர்ந்துவிடுகின்றன. தீவன மூட்டைகளும் ஓயாமல் சுழலும் காற்றூட்டிகளுமாக இறால் பண்ணைகளையே பார்த்துப் பழகிய எனக்கு, நீரில் எதையும் கொட்டாத இந்த வேளாண்மையின் மேல் பெரும் மதிப்பு உண்டாயிற்று. ஆனால் நீரை வடிகட்டும் உயிர் அதிலுள்ள கிருமிகளையும் தன்னுள் சேர்த்துக்கொள்ளும் என்பதால், அறுவடை செய்தவற்றைத் தூய உவர்நீரில் வைத்திருந்து, குடல் சுத்தமான பிறகு விற்பதே முறை.

இவர்களுடைய கவலையெல்லாம் மழையைப் பற்றியது. இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழை தொடங்கி ஆறுகளின் நன்னீர் காயலில் புகுந்தால் உப்பு குறைந்து சிப்பிகள் மடிந்துவிடும். மழை முந்திக்கொண்டால் ஆறு மாத உழைப்பும், குஞ்சுக்கும் கயிற்றுக்கும் வாங்கிய கடனும் இவர்கள் தலையில்தான் விழும். குஞ்சுகளுக்கு இயற்கைப் பாறைகளையே நம்பியிருப்பதும் நெடுநாள் தாங்காது. பொரிப்பகக் குஞ்சுகள் இத்தகைய சிறு குழுக்களுக்குக் குறைந்த விலையில் கிடைத்தாக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கரைக்குத் திரும்பியதும் சேச்சி இரண்டு சிப்பிகளைப் பிளந்து காட்டினார். ஒன்றின் சதை ஆரஞ்சு நிறம், மற்றொன்றினது பால் வெள்ளை; முன்னது பெண், பின்னது ஆண். அன்று மதியம், ஓட்டுக்குள் அரிசி மாவை அடைத்து வேகவைத்து, மசாலா தடவிப் பொரித்த அரிக்கடுக்காவில் இரண்டு நிறமும் இருந்தன.