வால்வு மாற்றியபின் இருமத்தான் பழக வேண்டும்

இதய வால்வு மாற்றப் போகிறவர்கள் என்னிடம் ஆபரேஷனைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அதை நாம் உணரப்போவதே இல்லை, மயக்கத்தில் கிடப்போம். கேட்க வேண்டியது அதற்கு அப்புறம் வரும் இருமலைப் பற்றி.

சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இதயத்தின் இடப்பக்கத்து இரண்டு அறைகளுக்கு நடுவே இருக்கும் என் மைட்ரல் வால்வு சுருங்கியிருந்தது. கேரள எல்லையோரத்துக் களியக்காவிளைக்காரர்களான எங்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றால் திருவனந்தபுரம்தான். அங்கேதான் எனக்கு சித்ரா என்ற செயற்கை வால்வை வைத்தார்கள். அது அந்த ஊரிலேயே உருவாகி, 1990-ல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. கூப்பிடு தூரத்தில் பிறந்த ஒன்று என் உயிரைத் தாங்குகிறது என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

ஐசியூவில் விழித்தபோது தொண்டையில் குழாய் இருந்தது. பேச முடியாது என்று முன்பே சொல்லியிருந்ததால் பதறவில்லை. அதை எடுத்தபின் குரல் கம்மிப்போயிற்று. நெஞ்சுக்குக் கீழே ரத்தநீர் வடியக் குழாய்கள், கழுத்தில் ஊசி. விளக்கை அணைக்காத இடம், பகலா இரவா என்றே தெரியாது.

அங்கேயே இருமச் சொல்லிவிட்டார்கள். நெஞ்செலும்பை நடுவே பிளந்து எஃகுக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள்; இருமினால் பிரிந்துவிடுமோ என்று உடம்பு பின்வாங்கும். ஆனால் மயக்க மருந்தாலும், வலிக்குப் பயந்து அரைமூச்சு விடுவதாலும் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிப்போகிறது. சளி அங்கே தங்கினால் நிமோனியாவில் கொண்டுபோய்விடும். பிசியோதெரபி செய்த பெண் ஒரு துண்டைச் சுருட்டித் தந்து, நெஞ்சோடு இறுக்கி அணைத்துக்கொள்ளச் சொன்னார். ஆழமாக மூச்சை இழுத்து, ஒரு நொடி நிறுத்தி, அப்புறம் இருமல். முதல் தடவை கண்ணில் நீர் வந்துவிட்டது. சளி வெளியே வந்ததும் மூச்சு எவ்வளவு இலகுவானது என்பதை இன்றும் மறக்கவில்லை.

"சேச்சி, வேதனைக்கு மருந்து வேணோ?" என்று நர்ஸ் கேட்கும்போதெல்லாம் வேண்டும் என்றே சொன்னேன். மைனிதான் (அண்ணன் மனைவி) எனக்கு பைஸ்டாண்டர், அதாவது ஆஸ்பத்திரியில் கூட இருந்து பார்த்துக்கொண்டவர். வார்டுக்கு மாற்றியபின், "வலி மாத்திரை ரொம்பக் கேக்காதே மக்கா, உடம்புக்கு ஆகாது" என்றார். பாசத்தில் சொன்னதுதான், ஆனால் இந்த இடத்தில் பொருந்தாது. வலி அடங்கினால்தான் ஆழமாக மூச்சு இழுக்கவும் இருமவும் நடக்கவும் முடியும். மாத்திரை வேலை செய்யத் தொடங்கிய பிறகு பயிற்சியை வைத்துக்கொண்டால் பாதிக் கஷ்டம் குறையும்.

மூச்சுப் பயிற்சிக்கு ஸ்பைரோமீட்டர் என்ற சின்னக் கருவி தருவார்கள்; அதில் மூன்று பந்துகள் இருக்கும். பக்கத்துக் கட்டில் அம்மா அதை ஊதிக்கொண்டிருந்தார். ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். பந்து மேலே நிற்கும்படி மெதுவாக இழுக்க வேண்டும். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பத்து முறை செய்தேன். கஞ்சியும் பயறும் தொண்டையில் இறங்காத நாட்களிலும், காரணமில்லாமல் அழுகை வந்த நாட்களிலும் இதை மட்டும் விடவில்லை. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு மனம் இப்படிச் சோர்வது சகஜம் என்று டாக்டரே சொன்னார்.

எழும்போது கையை ஊன்றக் கூடாது. ஒருக்களித்து, காலைக் கீழே விட்டு எழ வேண்டும். வீட்டுக்குக் காரில் வந்தபோது பாலராமபுரம், நெய்யாற்றின்கரை என்று வழியெல்லாம் குலுக்கல். பின்சீட்டில் உட்கார்ந்து, பெல்ட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவே தலையணை வைத்துக்கொண்டேன். எலும்பு நன்றாகக் கூட மூன்று மாதம் வரை ஆகும். அதுவரை குடம் தூக்குவதோ ஸ்கூட்டர் ஓட்டுவதோ கிடையாது. நெஞ்சில் 'கடக்' என்று எலும்பு அசைந்தாலோ, காய்ச்சலோ சீழோ வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருந்தார்கள்.

ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை ஆயுளுக்கும் உண்டு. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவு எனக்கு 2.5-க்கும் 3.5-க்கும் இடையில் இருக்க வேண்டும். கீரை இந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும் என்றாலும் அதை விடவில்லை, அளவை மட்டும் மாற்றாமல் சாப்பிடுகிறேன்.

ஆபரேஷனுக்குத் தேதி குறித்தவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு ஸ்பைரோமீட்டரை இப்போதே வாங்கி வையுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும். வலி இல்லாத நாட்களிலேயே உறிஞ்சவும், துண்டை அணைத்து இருமவும் பழகிக்கொள்ளலாம்.