ஜெர்மனிக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு

விசாவுக்கு முன்பே, பெரும்பாலானோர் இங்கிருந்தபடியே அங்கே ஒரு வங்கிக் கணக்குத் திறக்க வேண்டும். ஸ்பெர்கொன்டோ என்பார்கள், முடக்கிவைத்த கணக்கு என்று பொருள். 2024 செப்டம்பரிலிருந்து 11,904 யூரோ போட வேண்டும், அங்கே போன பிறகு மாதம் 992 யூரோதான் எடுக்க முடியும். பாஸ்போர்ட் இருந்தால் ஆன்லைனிலேயே திறந்துவிடலாம், அது சுலபம்.

பணம் அனுப்பும்போதுதான் கவனம் தேவை. இடையில் இருக்கும் வங்கிகள் ஆளுக்குக் கொஞ்சம் கட்டணம் பிடித்துக்கொள்ளும், தொகை குறைந்து போய்ச் சேர்ந்தால் விசாவுக்கான உறுதிக் கடிதம் வராது. எல்லாக் கட்டணத்தையும் நாமே கட்டுகிறோம் என்று படிவத்தில் குறிக்கச் சொல்லுங்கள், கொஞ்சம் கூடுதலாகவும் அனுப்புங்கள். அப்புறம் பெயர். நம் ஊர் இனிஷியல் ஒரு பெரிய தலைவலி, பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ எழுத்துக்கு எழுத்து அப்படியே கணக்கிலும் இருக்கட்டும். விசா கிடைக்காவிட்டால் மறுப்புக் கடிதத்தைக் காட்டிப் பணத்தைத் திரும்பப் பெறலாம், அந்தப் பயம் வேண்டாம்.

அங்கே போனதும் முகவரியைப் பதிவு செய்துவிட்டு, தினசரிச் செலவுக்கு ஒரு சாதாரணக் கணக்கு திறக்க வேண்டும், அதற்குத்தான் மாதப் பணம் வரும். ஏதாவது வங்கி இழுத்தடித்தால் "பாசிஸ்கொன்டோ", அதாவது அடிப்படைக் கணக்கு வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். 2016 முதல் அது சட்டப்படி உரிமை, ஐரோப்பிய ஒன்றியத்தில் முறையாகத் தங்கியிருக்கும் யாருக்கும், அகதிகளுக்கும் வீடற்றவர்களுக்கும்கூட. பத்து வேலை நாட்களுக்குள் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். இந்தச் சட்டம் எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்று. கூச்சப்படாமல் கேளுங்கள் பிள்ளைகளே.