அல்சூரா, சந்தாபுராவா, தளியா

14 செப்டம்பர் 2025, ஞாயிறு

டிசம்பர் 31 கெடு. பெங்களூர் அல்சூர்ல 20 லட்சம் மொத்தமாக் கொடுத்து, மாச வாடகை இல்லாம இருக்கிற லீஸை நீட்டிக்க மாட்டேன், வாடகைன்னா இருந்துக்கோங்கன்னு ஓனர் சொல்லியாச்சு.

20 லட்சம் வங்கியில 7 சதவீத வட்டிக்குக் கிடந்தா வருஷத்துக்கு 1,40,000. மாசத்துக்கு 11,600 சொச்சம். அல்சூர்ல ரெண்டு பெட்ரூம் வீட்டுக்கு அந்த வாடகை கனவுலதான். அதனாலதான் லீஸ் போர்டு தொங்கின அன்னிக்கே வீடு போயிடுது. ஆனா ஓனர் எதுக்கு லீஸுக்கு விடுறார்? பெரும்பாலும் மொத்தப் பணம் தேவைப்பட்டு. அவர் வங்கிக் கடனைக் கட்டாம விட்டா வீடு ஏலத்துக்கு வரும். பதிவு செய்யாத லீஸ் பத்திரத்தோட போய் நின்னா வங்கி திரும்பிக்கூடப் பார்க்காது. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட லீஸைப் பதிவு பண்ணியே ஆகணும், செலவைப் பார்த்து ரெண்டு பக்கமும் விட்டுடுறாங்க. வில்லங்கச் சான்று சுத்தமா இருந்தாலும் அதோட நிறுத்தக் கூடாது. மூலப் பத்திரத்தை வங்கியில வெச்சு வாங்கின கடன் அதில் ஏறாமலும் இருக்கும். அசலைக் கண்ணால பார்க்கணும். ஜெராக்ஸை நீட்டினா அசல் யார்கிட்டேன்னு கேட்கணும்.

16 செப்டம்பர், செவ்வாய்

அப்பாவை வாரம் மூணு நாள் டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போற ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவுல பத்து நிமிஷம். இந்தப் பத்து நிமிஷத்துக்கு மாசம் எவ்வளவு விலை போடலாம்?

21 செப்டம்பர், ஞாயிறு

பெங்களூருக்கு வெளியே, ஓசூர் ரோட்டுல சந்தாபுரா அபார்ட்மென்ட். மூணாவது மாடி, நல்ல காத்து. குழாயைத் திறந்தா தண்ணி கொட்டுது. செப்டம்பர்ல எந்த போர்தான் வத்தும்? கேட்க வேண்டியது மார்ச், ஏப்ரல், மே மாச மெயின்டனன்ஸ் கணக்கு. டேங்கர் செலவு தனி வரியா இருக்கா, இல்லை 'இதர செலவு'ல ஒளிஞ்சிருக்கா? செகரட்டரி தர மறுத்தா அதுவே பதில்.

காவேரித் தண்ணி வந்துடும் சார்னு புரோக்கர். காவேரி ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபர் 16 அன்னிக்குத் தொடங்கினது, நாளைக்கு 77.5 கோடி லிட்டர். 2007-ல மாநகராட்சியோட சேர்த்த 110 கிராமங்களுக்கான திட்டம் அது. சந்தாபுரா ஆனேக்கல் தாலூகா, தனி நகராட்சி, அந்த 110-ல சேர்த்தி இல்லை. புரோக்கருக்கு இது தெரியாம இல்லை.

ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர்னு வெச்சா அஞ்சு பேருக்கு 675, மாசம் 20,250. முழுக்க டேங்கர்னா 6,000 லிட்டர் வண்டி மூணு, நாலு. 2024 கோடையில மாவட்ட நிர்வாகம் வெச்ச விலை, 5 கிலோமீட்டருக்குள்ள 6,000 லிட்டருக்கு 600, 12,000 லிட்டருக்கு 1,000. அந்த விலைக்கு வந்தா 2,000 ரூபாய்ல முடியும். தட்டுப்பாட்டுல அந்த விலைக்கு யார் தர்றாங்க?

இன்னொண்ணு. போர் தண்ணி உப்பு. டி.டி.எஸ்., அதாவது தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்புகளோட அளவு, 500-க்குள்ள இருக்கணும், வேற வழியில்லாட்டி 2,000 வரைக்கும்னு இந்தியத் தர அளவு. டி.டி.எஸ். மீட்டரை முக்கிக் காட்டினாங்க, 900. அந்த மீட்டருக்குக் கடினத்தன்மை தெரியாது, அதுக்கு லேப்தான். கீசர் காயில் வெள்ளை பூத்துப் போறது கடினத்தன்மையால. அதுக்காகத்தான் கட்டடம் முழுக்க சாஃப்ட்னர் போட்டிருக்காங்க. சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துட்டு சோடியத்தை விடும். குளிக்க, துவைக்க ஒண்ணும் ஆகாது. சமையலுக்கு, குடிக்க அப்பாவுக்கு ஆகாது. சிலர் பொட்டாசியம் உப்பு போடுவாங்க, கிட்னி கெட்டவருக்கு அது அதைவிட மோசம். சமையலறைக்கு ஆர்.ஓ. தனியா வேணும், இல்லைன்னா சாஃப்ட்னரைத் தொடாத ஒரு லைன்.

23 செப்டம்பர், செவ்வாய்

டயாலிசிஸ் முடிஞ்சப்போ அப்பாவுக்கு பி.பி. 90/60. இறங்கும்போது சக்கர நாற்காலி. மாடின்னா லிஃப்ட், லிஃப்டுன்னா ஜெனரேட்டர். 'காமன் ஏரியாவுக்கு பேக்கப் உண்டு'ங்கிறதுல லிஃப்ட் சேர்த்தியான்னு தனியா கேட்கணும்.

28 செப்டம்பர், ஞாயிறு

மெட்ரோ மஞ்சள் லைன் ஆகஸ்ட்ல ஓட ஆரம்பிச்சதும் பொம்மசந்திரா பக்கம் வாடகை எகிறிடுச்சு. ஆர்.வி. ரோடு வரைக்கும் 19 கிலோமீட்டர், 16 ஸ்டேஷன். தொடங்கினப்போ மூணே ரயில், 25 நிமிஷத்துக்கு ஒண்ணு. வேலைக்குப் போறவங்களுக்கு அதுவே சில்க் போர்டு ட்ராஃபிக் நரகத்திலிருந்து விடுதலை. பொம்மசந்திரா டு அல்சூர்னா ஆர்.வி. ரோட்டுல பச்சைக்கு மாறி, மெஜெஸ்டிக்ல ஊதாவுக்கு மாறணும். நாலு மணி நேரம் மெஷின்ல கிடந்து எழுந்தவரை மெஜெஸ்டிக்ல நடக்க விட முடியாது.

அதனால கேள்வியைத் திருப்பிப் போடணும். முதல்ல ஆஸ்பத்திரி, அப்புறம் வீடு. பொம்மசந்திராவிலேயே பெரிய ஆஸ்பத்திரி வளாகம் இருக்கு.

30 செப்டம்பர், செவ்வாய்

டயாலிசிஸ் யூனிட் மாத்த என்னென்ன வேணும்னு டெக்னீஷியன்கிட்ட கேட்டேன். கடைசி சில வாரத்து சார்ட், ட்ரை வெயிட் (கூடுதல் நீரை எடுத்த பிறகு இருக்க வேண்டிய எடை), டயலைசர் (ரத்தத்தை வடிகட்டுற ஃபில்டர்) வகை, ரத்தம் உறையாம இருக்கக் கொடுக்கிற ஹெப்பாரின் அளவு, கையில ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்த ரத்தக் குழாய்களை இணைச்சது) போட்ட விவரம், ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி அட்டை. ஹெபடைட்டிஸ் பி, சி-க்கான எச்.பி.எஸ்.ஏ.ஜி., எச்.சி.வி., கூடவே எச்.ஐ.வி. ரிப்போர்ட் புதுசா இருக்கணும், பழசைக் காட்டினா மெஷின் ஒதுக்க மாட்டாங்க. காலை ஷிஃப்ட் எங்கேயுமே சுலபத்துல கிடைக்காது, முதல்ல ராத்திரி ஷிஃப்டுதான் தருவாங்க. அப்போ வீடு திரும்ப 11 ஆகும். அந்த நேரத்துக்கு சந்தாபுரா உள்ரோட்டுக்கு எந்த ஆட்டோ வரும்?

1 அக்டோபர், புதன்

ஆயுத பூஜை. ஸ்கூட்டருக்கும் பொட்டு வெச்சாச்சு. ஓசூர் போனா கர்நாடகா கே.ஏ. நம்பரை 12 மாசத்துக்கு மேல ஓட்டக் கூடாது. ஃபார்ம் 28-ல இங்கே என்.ஓ.சி., ஃபார்ம் 27-ல அங்கே புது நம்பர், அங்கே மறுபடி வரி.

5 அக்டோபர், ஞாயிறு

ஓசூர் பக்கத்துல, தமிழ்நாட்டுத் தளி. சித்தப்பா வீடு. குளிர். 'பேசாம இங்கே வந்துடுங்கடா, வாடகையா, அட்வான்ஸா'ங்கிறார். சொல்றது சரிதான். கிணத்துல கைக்கு எட்டுற தூரத்துல தண்ணி. அப்பா வாசல் கட்டிலை விட்டு நகரவே இல்லை, முகமே வேற. தென்னையில இளநீர் குலை குலையாத் தொங்குது, அவருக்கு ஒரு வாய்கூட ஆகாது. அவ்வளவும் பொட்டாசியம்.

ரத்தம் ஊற ஊசி ஃபிரிட்ஜ்ல 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவுல இருக்கணும். மாசாந்திர பராமரிப்புன்னு காலை ஒன்பதுக்குக் கரண்ட் போனா சாயங்காலம் ஆகலாம். ஃபிரிட்ஜைத் திறக்காம விட்டா சில மணி நேரம் தாங்கும், ஆனா கிராமத்து வீட்டு ஃபிரிட்ஜை யார் திறக்காம விடுறா? ஐஸ் டப்பாவுல வெச்சா ஊசி ஐஸைத் தொடக் கூடாது, உறைஞ்சா தூக்கிப் போட வேண்டியதுதான். துணி சுத்தி, நடுவுல அட்டை வெக்கணும். இன்வெர்ட்டர் போட்டா ஃபிரிட்ஜுக்கும் சேர்த்துக் கணக்குப் போடணும். கம்ப்ரஸர் ஆரம்பிக்கும்போது இழுக்கிற கரண்ட், ஓடும்போது இழுக்கிறதைப் போலப் பல மடங்கு. கடையில தர்ற சின்ன இன்வெர்ட்டர் அப்பவே ட்ரிப் ஆகும்.

ராத்திரி 8 மணிக்கு மேல வண்டியை எடுக்காதேன்னு சித்தி. கேழ்வரகு முத்தினா யானை வரும். பன்னேர்கட்டா காட்டுலேர்ந்து ஜவளகிரி வழியா வருஷா வருஷம் வர்றதுதான். செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ், அதுவும் ராத்திரி ஷிஃப்ட், ஓசூர்லேர்ந்து இந்த ரோட்டுல.

தளி இல்லை. சித்தப்பாகிட்ட எப்படிச் சொல்றது.

11 அக்டோபர், சனி

அப்போ ஓசூர்? வீடு மலிவு, தமிழ்நாடு, டயாலிசிஸும் உண்டு. ஆனா இப்போ இருக்கிற டாக்டரை விடாம, ஓசூர்ல வீடு, பெங்களூர்ல டயாலிசிஸ்னு பாதி பாதியா வெச்சுக்கலாம்னு வீட்டுல பேச்சு. கூடவே கூடாது. 2023 செப்டம்பர் 26 காவேரி பந்த், செவ்வாய்க்கிழமை. தமிழ்நாட்டு பஸ் சூசூவாடியோட நின்னுது. 2016-ல வண்டிகளையே கொளுத்தினாங்க. சனிக்கிழமை முடிச்சவருக்கு அடுத்தது செவ்வாய், வாரத்துலேயே நீளமான இடைவெளி அது. அன்னிக்கு பார்டர் மூடினா புதன் வரைக்கும் நுரையீரல்ல நீர் ஏறாம யார் பார்த்துக்கிறது? வீடும் மெஷினும் பார்டர்ல இருக்கிற அத்திபெலேவுக்கு ஒரே பக்கம் இருக்கணும். எந்தப் பக்கம்னாலும் சரி.

20 அக்டோபர், திங்கள்

தீபாவளி. அளவுக்கு மேல கேட்ட அரை டம்ளர் தண்ணிக்கு அப்பாவோட சண்டை.

26 அக்டோபர், ஞாயிறு

சின்னவ ஏழாவது. ஸ்கூல் மாத்துறதுன்னா அடுத்த ஜூன், இல்லைன்னா பன்னிரண்டு முடியற வரைக்கும் வேண்டாம். இன்ஜினியரிங் சேர கர்நாடக நுழைவுத் தேர்வான சி.இ.டி.க்கு ஒண்ணாவதுலேர்ந்து ரெண்டாம் பி.யு. (பன்னிரண்டாவது) வரைக்கும் மொத்தம் 7 முழு வருஷம் இங்கே படிச்சிருக்கணும், அதோட எஸ்.எஸ்.எல்.சி.யோ ரெண்டாம் பி.யு.வோ இங்கே பாஸ் பண்ணணும். ஏழு வருஷம் மார்ச்சோட முடியுது. தமிழ்நாட்டு இன்ஜினியரிங்குக்கு எட்டாவதுலேர்ந்து பன்னிரண்டு வரைக்கும் அங்கே படிச்சா பிறப்பிடச் சான்று கேட்க மாட்டாங்க. ஆக எட்டாவதுல ஓசூர் சேர்த்தா அந்தக் கதவு திறந்திருக்கும். பத்து முடிச்சுட்டு பி.யு.வுக்கு இங்கே திரும்பினா அது மூடி, இந்தக் கதவு திறக்கும். ஒன்பதாவதுல சேர்த்தா தாசில்தார்கிட்ட போய் நிக்கணும். அப்பாவே பெங்களூர்ல பிறந்தவர், எந்த ஊர்க் காகிதத்தைக் காட்டுறது? மெடிக்கலுக்கு அந்தச் சான்று இல்லாம போகணும்னா ஆறாவதுலேர்ந்தே அங்கே படிச்சிருக்கணும், அது ஏற்கெனவே போச்சு.

இவ்வளவுக்கும் அவளுக்குத் தமிழ் பேசத்தான் வரும். எழுதச் சொன்னா கன்னட எழுத்துல எழுதுறா.

2 நவம்பர், ஞாயிறு

20 லட்சம் கைக்கு வந்தா ஒரு சைட்டாவது வாங்கிப் போடுன்னு மச்சான். ஆனேக்கல் பக்கம் பஞ்சாயத்து சைட்டுன்னா பஞ்சாயத்து தர்ற சொத்துப் படிவங்கள், ஃபார்ம் 9, ஃபார்ம் 11ஏ கேட்கணும். 11பி-யைக் காட்டி 'எல்லாம் ஒண்ணுதான் சார்'ம்பாங்க. நிலத்தை முறைப்படி மாத்தாததுக்கும் லேஅவுட் அனுமதி இல்லாததுக்கும்தான் 11பி, பெரும்பாலான வங்கிகள் அதுக்குக் கடன் தராது. பதிவுக் கட்டணமும் ஆகஸ்ட் 31-லேர்ந்து 1 சதவீதம் 2 ஆயிடுச்சு. ஓசூர் பக்கம்னா முத்திரைத் தீர்வையும் பதிவும் சேர்த்து 9 சதவீதம். 20 லட்சத்துக்கு 1,80,000 அங்கேயே காலி.

இப்போ சைட்டு வாங்குற நேரமா இது.

4 நவம்பர், செவ்வாய்

பொம்மசந்திராவுல மதிய ஷிஃப்ட் ஜனவரியிலேர்ந்து தரலாம்னு சொல்லியிருக்காங்க. சொல்லியிருக்காங்க, அவ்வளவுதான்.

9 நவம்பர், ஞாயிறு

பொம்மசந்திரா பக்கத்துல ஹெப்பகோடி. தனி வீடு, தரைத்தளம். மேலே ஓனர் குடும்பம், அதுவே நல்லது, தண்ணி நின்னா அவங்களுக்கும் நிக்கும். வாசல்ல ரெண்டு படி, சரிவு போட்டுக்க விடுவாங்களாம். சம்ப் மூடியைத் திறக்கச் சொல்லி அளந்தேன். 8 அடி, 6 அடி, ஆழம் 5. 240 கன அடி, ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர், மொத்தம் 6,800. தேவலை. ஆனா பாதி நிறைஞ்சிருக்கும்போது 6,000 லிட்டர் டேங்கர் வந்தா மிச்சத்தைத் திருப்பி எடுத்துட்டுப் போவான், பணம் முழுசா வாங்குவான். 800-க்குக் கீழே இறங்கின பிறகுதான் போன் பண்ணணும். சம்புக்கும் சாக்கடை சேம்பருக்கும் நாலடிதான் இடைவெளி, சுவர்ல மூலையில ஈரக் கோடு. அது வெளியிலேர்ந்து வர்ற கசிவா, இல்லை தண்ணி நின்ன மட்டமான்னு சம்பைக் காலி பண்ணிப் பார்த்தாத்தான் தெரியும். காலி பண்ணிக் காட்டச் சொன்னேன், ஓனர் அம்மாவுக்குப் பிடிக்கலை. அட்வான்ஸ் ஆறு மாசம் கேட்டாங்க. காலி பண்ணும்போது பெயின்டுக்குன்னு ஒரு மாச வாடகை பிடிப்பாங்களாம், அதை அக்ரிமென்ட்ல எழுதிடச் சொல்லணும், இல்லைன்னா அது ரெண்டு மாசமா வளரும்.

11 நவம்பர், செவ்வாய்

ஹெப்பகோடி ஓனர் அம்மா போன். சனிக்கிழமை சம்ப் கழுவுறாங்களாம், பத்து மணிக்கு வந்து பார்த்துக்கோங்கன்னாங்க. சனிக்கிழமை பத்து மணிக்கு ஆஸ்பத்திரி. மச்சானை அனுப்பணும், டார்ச்சோட.