கடலோரத்திலிருந்து மேட்டூர் வந்து சேரும் பழைய அவுட்போர்டு: எங்கே முதலில் கை வைப்பது

சேலம் மாவட்டத்தில் கைமாறும் பழைய அவுட்போர்டு, அதாவது படகின் பின்னால் மாட்டும் மோட்டார், பெரும்பாலும் கடலில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு வந்ததாகத்தான் இருக்கும். ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் கார்புரேட்டரைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். அது கடைசி வேலை. முதலில் பார்க்க வேண்டியது கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் அமுக்கும் அழுத்தம்), அதுவும் காசு கொடுப்பதற்கு முன்னால்.

பிளக்குகளைக் கழற்றி, ஒயர்களை இன்ஜின் உடம்போடு எர்த் செய்து, திராட்டிலை முழுக்கத் திறந்துவிட்டு, கேஜைப் பொருத்திக் கயிற்றை நாலைந்து தடவை வேகமாக இழுங்கள். பெட்ரோல் டூ ஸ்ட்ரோக்கில் 90 பிஎஸ்ஐக்கு மேல் காட்டினால் நம்பி இறங்கலாம். இரண்டு சிலிண்டருக்கும் இடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது. மண்ணெண்ணெய் மாடலில் கம்ப்ரஷன் இயல்பாகவே குறைவு. அதைப் பெட்ரோல் கணக்கில் பார்த்து ஒதுக்கிவிட வேண்டாம். ஒரு சிலிண்டர் மட்டும் இறங்கியிருந்தால் பிளக் ஓட்டை வழியாக ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் ஹெட் கேஸ்கட்டையோ ஓட்டை விழுந்த பிஸ்டனையோ சந்தேகப்படலாம். சிலிண்டர் சுவரில் கோடு விழுந்த மோட்டாருக்கு உதிரிபாக விலைக்கு மேல் கொடுக்காதீர்கள்.

ஸ்பார்க் பார்ப்பது சுலபம்: நீலமாக, சத்தத்தோடு வர வேண்டும். ஃப்ளைவீலுக்கு அடியில் ஸ்பார்க்குக்கான காண்டாக்ட் பாயின்ட் வைத்த பழைய மாடலாக இருந்தால் ஃப்ளைவீலை எடுத்தாக வேண்டும். அதற்குப் புல்லர்தான், சுத்தியலால் தட்டினால் கிராங்க் கெட்டுப்போகும்.

அடுத்த தலைவலி போல்ட். உடம்பு அலுமினியம், போல்ட் ஸ்டெயின்லெஸ், நடுவில் கடல் உப்பு. வெள்ளையாகப் பூத்துக் கெட்டித்துப் போயிருக்கும். தலையை முறித்துவிட்டால் லேத் பட்டறை வரைக்கும் அலைய வேண்டும். எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவிட்டு, போல்ட்டைச் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்குங்கள். எஃகைவிட அலுமினியம் அதிகம் விரியும் என்பதால் பிடி தளரும். கழற்றும் முன் ஒரு நூல் அளவு முறுக்கிவிட்டுப் பிறகு தளர்த்துவது நல்லது. திரும்ப மாட்டும்போது மரையில் மெரைன் கிரீஸ் தடவுங்கள்.

இனி இம்பெல்லர், இன்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீரை மேலே ஏற்றும் பம்பின் ரப்பர் சக்கரம். அது பார்க்க நன்றாக இருந்தாலும், எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் மாற்றிவிடுங்கள். கியர் ராடைக் கழற்றி, கீழ்ப்பகுதியைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை எடுத்தால் லோயர் யூனிட் முழுசாக இறங்கும். டிரைவ் ஷாஃப்ட்டின் மேல் பம்ப் கவர், அதற்குள் ரப்பர் இம்பெல்லர். இதழ்கள் ஒரு பக்கம் சாய்ந்து, கையில் எடுத்த பிறகும் நிமிராமல் நின்றால் அதன் வேலை முடிந்தது. இதழ்களை எண்ணிப் பாருங்கள். ஒன்று குறைந்தால் அந்தத் துண்டு மேலே தண்ணீர்க் குழாயிலோ தெர்மோஸ்டாட்டிலோதான் மாட்டியிருக்கும். அதைத் தேடி எடுக்காமல் புது இம்பெல்லர் போட்டுப் பிரயோஜனமில்லை. பம்பின் ஸ்டீல் கப்பிலும் அடித்தட்டிலும் நகம் மாட்டும் அளவுக்குக் கோடு இருந்தால் அவற்றையும் மாற்ற வேண்டும். அணையில் தண்ணீர் இறங்கும் மாதங்களில் வண்டல் கலந்து வரும். இந்தத் தட்டைத் தேய்ப்பது அதுதான்.

மாட்டும்போது இம்பெல்லரை ஷாஃப்ட்டோடு பூட்டும் சின்னச் சாவித் துண்டை மறக்காதீர்கள். இதழில் கிளிசரினோ சோப்புத் தண்ணீரோ தடவி, ஷாஃப்ட்டை அது ஓடும் திசையிலேயே, பெரும்பாலும் கடிகார முள் சுற்றும் பக்கம், சுற்றிக்கொண்டே கவரை இறக்குங்கள். ஷாஃப்ட்டின் பல்லில் கிரீஸ் வேண்டும், உச்சியில் வேண்டாம். அங்கே தேங்கினால் லோயர் யூனிட் முழுசாக ஏறி உட்காராது. அந்த நிலையில் போல்ட்டை முறுக்கி இழுத்தால் அலுமினியம் வெடிக்கும்.

கியர் ஆயில் பால் டீ நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. புரொப்பல்லரைக் கழற்றிப் பாருங்கள், பல சமயம் தூண்டில் நரம்பு சுற்றி சீலை அறுத்திருக்கும். புது சீல் போட்டதும் ஆயில் ஊற்றாமல், சைக்கிள் பம்பால் லேசாகக் காற்றடித்து, பஞ்சர் கடையில் ட்யூபை முக்குவது போலத் தொட்டியில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். ஆயிலைக் கீழ் ஓட்டை வழியாக ஏற்ற வேண்டும். மேல் ஓட்டையில் வழிந்த பிறகு முதலில் மேல் ஸ்க்ரூவை மூடிவிட்டுக் கீழே மூடுங்கள். வாஷர் இரண்டும் புதிதாகப் போடுங்கள்.

இப்போது கார்புரேட்டருக்கு வரலாம். ஜெட்டை (பெட்ரோல் வரும் சின்னத் துளை) கம்பியால் குத்தாதீர்கள், கிளீனர் ஸ்ப்ரேயும் காற்றும் போதும். இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் ஹோஸையும் கைப்பம்பையும் அது ஊறவைத்து இளக்கிவிடும். தண்ணீர் கலந்துவிட்டால் எத்தனால் அதோடு சேர்ந்து டேங்க் அடியில் பிரிந்து நிற்கும், டூ ஸ்ட்ரோக்குக்காகக் கலந்த ஆயில் மேலே பெட்ரோலோடு தங்கிவிடும். குழாய் உறிஞ்சுவது அடியிலிருந்து. ஆயில் இல்லாமல் ஓடிய பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அதனால் கலந்த எரிபொருளைச் சில வாரங்களுக்கு மேல் வைத்திருக்காதீர்கள்.

பெட்ரோல்-ஆயில் கலவை 50க்கு 1 என்றால் 5 லிட்டர் பெட்ரோலுக்கு 100 மில்லி ஆயில். ரொம்பப் பழைய மாடல்கள் 25க்கு 1 கேட்கும், மேனுவலைப் பாருங்கள். ஆயில், தண்ணீரில் குளிரும் டூ ஸ்ட்ரோக்குக்கான டிசி-டபிள்யூ3 தரமாக இருக்க வேண்டும். பங்க்கில் கிடைக்கும் டூ வீலர் 2டி ஆயில் காற்றில் குளிரும் இன்ஜினுக்கானது. அதன் சாம்பல் பிளக்கில் படியும்.

சோதனைக்கு 200 லிட்டர் டிரம் போதும், தண்ணீர் உறிஞ்சும் துளைகள் நன்றாக மூழ்க வேண்டும். புரொப்பல்லரைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள். பின்னால் சின்னத் துளையில் தண்ணீர் பீச்சாவிட்டால் உடனே அணைத்துவிடுங்கள். கொஞ்ச நேரம் தண்ணீரில்லாமல் ஓட்டிக் காட்டுகிறேன் என்பவர்களிடம் மோட்டாரைக் கொடுக்காதீர்கள். புது இம்பெல்லர் கருகுவதற்கு அது போதும்.

மேட்டூரில் சரியாக ஓடியதை 1,500 மீட்டர் உயர ஏற்காட்டுக்கு ஏற்றினால் காற்று மெலிந்து, அதோடு சேரும் பெட்ரோல் அளவுக்கு மிஞ்சும்; சக்தி ஏழில் ஒரு பங்கு குறையும். ஒரு நம்பர் சின்ன மெயின் ஜெட் கொஞ்சம் உதவும். மறுபடி கீழே இறக்கும்போது பழைய ஜெட்டையே போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் சூடேறிப் பிஸ்டன் போகும்.

படகில் ஏற்றும் முன் ஷாஃப்ட் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். குட்டை 15 அங்குலம், நீளம் 20 அங்குலம். நீள ஷாஃப்ட்டைத் தாழ்வான பின்பலகையில் மாட்டினால் படகு இழுபடும், ஆழம் குறைந்த இடத்தில் தரை தட்டும். மேட்டூர் அணையின் நீர்ப்பிடிப்புப் பகுதியான பண்ணவாடியில் நீர்மட்டம் இறங்கும்போது பழைய நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். தெரிவதற்குச் சற்று முன்னால், தண்ணீருக்குள் ஓரடியில் மறைந்திருக்கும்போதுதான் புரொப்பல்லர் மோதும். சின்ன மோட்டார்களில் அப்போது புரொப்பல்லரை ஷாஃப்ட்டோடு பிடித்திருக்கும் ஷியர் பின் உடைந்து கியரைக் காப்பாற்றும். அந்த இடத்தில் ஆணியையோ கெட்டியான எஃகுத் துண்டையோ அடித்து ஓட்டினால் அடுத்த மோதலில் கியர் பல் உதிரும். சரியான அளவில் இரண்டு பின், ஒரு காட்டர் பின், கட்டிங் பிளேயர் எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டுப் படகிலேயே கட்டி வைத்துவிடுங்கள்.