முதல் பந்தி

வட்ஸ்அப்பில் படம் போன கையோடு யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருந்து அம்மாவின் அழைப்பு வந்துவிட்டது. ஆறு நாய்கள் சோடி சோடியாக நிற்க, பின்னால் சறுக்குவண்டியைப் பிடித்துக்கொண்டு நான் பல்லைக் காட்டி நிற்கிற படம். “எடி பிள்ளை, வைரவற்ற வாகனத்தையே வண்டிலில பூட்டினனீ? இரு, வாற வெள்ளிக்கு வடைமாலை சாத்தச் சொல்லுறன்.” குளிர் எப்படி, விழுந்து எழும்பினியா என்று ஒரு கேள்வி இல்லை. மகள் மைனஸ் 18இல் நின்றால் பரவாயில்லை, வைரவரோடு கணக்கு நேராக இருக்கவேண்டும்.

வடக்கு நோர்வேயில் இருக்கிற இந்த அல்டாவுக்கு வந்து நன்றாகப் பழகிவிட்டேன் என்றுதான் ஒஸ்லோவில் இருக்கிற சொந்தக்காரருக்கெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். பொய்யும் இல்லை. பழுப்புச் சீஸ் தின்னுவேன். சப்பாத்துக்கு அடியில் இரும்பு முள் மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்வருவேன். நவம்பர் கடைசியில் போகிற சூரியன் ஜனவரி நடுப்பகுதியில்தான் திரும்பி வரும் என்பதும் இப்போது பெரிய விசயமில்லை. கார்த்திகை விளக்கீட்டுக்குப் பொழுதுபடட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை, மத்தியானமே ஏற்றலாம். போன விளக்கீட்டுக்கு அப்படித்தான் ஜன்னலில் சிட்டி விளக்கு வைத்தேன். படலையடியில் வாழைக்குற்றி நடுகிற ஐயா ஞாபகத்துக்கு வந்து, அடுப்பில் கிடந்த பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

நாய்கள் என்னோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற ஒருத்தியுடையவை. இந்த ஊரில் நாய் வண்டி ஓட்டுவது சுற்றுலாக்காரருக்கான வேடிக்கை மட்டும் இல்லை. 1981 முதல் நடக்கிற ஃபின்மார்க்ஸ்லோப்பெ என்ற பெரிய ஓட்டம் ஒவ்வொரு மார்ச்சிலும் அல்டாவின் நடு வீதியில் இருந்துதான் வெளிக்கிடும். நீண்ட ஓட்டம் ஏறத்தாழ 1200 கிலோமீற்றர், ஒரு வண்டிக்கு 14 நாய்கள் வரை பூட்டலாம். இரவு வேலை முடித்துவிட்டு நேரே நாய்களைப் பயிற்சிக்குக் கொண்டுபோகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். அவளும் அப்படி ஒருத்தி.

நீலக் கண்ணும் பொசுபொசு மயிருமாக, ஓநாய்க்குச் சொந்தக்காரர்போல நிற்கும் என்று நினைத்துப் போனேன். ஓட்டத்துக்கென்று கலந்து வளர்த்த அலாஸ்கன் ஹஸ்கிகள் அப்படி இல்லை. ஒடிசலான உடம்பு, நீட்டுக் கால், ஒன்றுக்கு ஒரு காது மடங்கியபடி. நல்லூர் வீதியில் படுத்துக்கிடந்தால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

அவள் எனக்குச் சொல்லித் தந்த பாடம் சின்னது. வலத்துக்கு ‘ஜீ’, இடத்துக்கு ‘ஹோ’. இறக்கத்தில் நடுவில் தொங்குகிற மிதியில் ஏறி நில். ஏற்றத்தில் இறங்கித் தள்ளு. என்ன வந்தாலும் கைப்பிடியை விடாதே, விழுந்தாலும் விடாதே. நீ இல்லாமலும் அதுகள் ஓடும். பெரியப்பா ஊரில் வண்டில் சவாரிப் போட்டிக்கு மாடு வைத்திருந்தவர். சவாரி வெளியில் வண்டிலில் நின்று அவர் துவரந்தடியை ஓங்கிக் கத்துகிற கத்தல் அடுத்த ஊருக்குக் கேட்கும். அங்கே ஓடவைக்கத்தான் பாடு. இங்கே தடி இல்லை, சாட்டை இல்லை, இருப்பதெல்லாம் நிற்பாட்டுகிற சாமான்கள்: கால் பிரேக், மிதி, பனியில் குத்துகிற இரும்புக் கொக்கி, அதுவும் போதாதென்று வண்டியைக் காரோடு கட்டிய கயிறு.

பூட்டத் தொடங்கியதுமே ஆறும் விசர் பிடித்ததுபோலக் குளறின. எம்பி எம்பிக் குதித்து, வாரைக் கடித்து, ஒன்றன் மேல் ஒன்று ஏறி. பக்கத்தில் நின்று கத்தினாலும் எனக்கு என் குரல் கேட்கவில்லை. அவள் கயிற்றை உருவிவிட்டாள். அடுத்த நொடி ஒரு சத்தம் இல்லை. மூச்சும், பனியில் மரம் உரசுகிற சரசரப்பும் மட்டும். இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் காது அடைத்துவிட்டதோ என்றுகூடப் பயந்தேன். நாய்களுக்கு வாய்க்கு வேறு வேலை வந்துவிட்டது: ஓடுகிற ஓட்டத்தில் தலையைச் சரித்து ஒரு வாய் பனி அள்ளும். மற்ற அலுவலையும் நிற்காமலே முடிக்கும். பின்னால் நிற்பவள் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியதுதான்.

அன்று அவள் வழக்கமான ஆற்றங்கரைப் பாதையை விட்டு மேட்டுநிலத்துக்கு ஏறினாள். நாய்களும் ஓடிப் பழகாத பாதை. இரவு விழுந்த பனி முன் தடங்களை மூடிவிட்டது. தூரத் தூர நட்ட தடிகளைத் தவிர வெள்ளைக்குள் பாதை என்று ஒன்று இல்லை. காட்டு மரமும் முடிந்து, முழங்கால் உயரத்தில் பேர்ச் என்கிற மரத்தின் குட்டைச் செடி நாலு. ஓரிடத்தில் முன்னே நின்ற சாம்பல் நிறப் பெட்டை நின்று என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்த நாட்டில் பிறந்த நாய் வழி கேட்பது கொக்குவில்காரியிடம்! நான் ‘ஜீ’ என்றேன். அது நம்பவில்லை. இரண்டு பக்கமும் காலால் அழுத்திப் பார்த்தது. புதுப் பனிக்கு அடியில் முன்பு இறுகின தடம் காலுக்குத் தெரியுமாம். பிறகு தானாகவே வலப்பக்கம் திரும்பியது. நான் சொன்ன பக்கம்தான் என்று வெகுநேரம் பெருமையாக நின்றேன்.

பிறகு சாப்பாடு. இதுதான் எனக்கு இன்னும் சீரணிக்கவில்லை.

எனக்குக் குடல் கருகுகிற பசி. உள் ஜக்கெற்றில் ரொட்டியும் சம்பலும், தேர்மோஸில் இஞ்சி போட்ட பிளேன்ரீ. எடுக்கப் போனேன். “முதல் நாய்கள்” என்றாள். ஒவ்வொரு நாயின் முன்னும் ஒரு கிண்ணம். சுடுநீரில் ஊறின இறைச்சியும் கொழுப்பும். வெறும் தண்ணீர் வைத்தால் குடிக்காதுகளாம், அதனால் சூப்பாகக் கொடுக்கவேண்டும். குடித்து முடிய, கையுறையைக் கழற்றி, இருபத்துநாலு பாதத்தையும் ஒன்றொன்றாகத் தூக்கி, விரலிடுக்கில் ஒட்டின பனிக்கட்டியை நகத்தால் எடுத்து, களிம்பு பூசி, சின்னச் சின்னக் காலுறை மாட்டினாள். மாட்டி முடிந்த நாய் வாலால் மூக்கை மூடிச் சுருண்டது. அதற்குப் பிறகுதான் நெருப்பு, அதற்குப் பிறகுதான் நாங்கள்.

எங்கள் வீட்டில் ஐயா, பெரியப்பா, பெடியள், நாங்கள், எல்லாரும் முடிந்து, பானையடியில் மிஞ்சினதை அம்மா தானும் தின்று ஜிம்மிக்கும் வைப்பா. அம்மாவும் நாயும் ஒரே பந்தி. யாரும் அதைப் பிழையாக நினைத்ததில்லை, அம்மாவே நினைத்ததில்லை. இப்போதும் என் வீட்டில் கடைசிப் பந்தி நான்தான், நோர்வேயில் இருந்துகொண்டும்.

ஒரு நாள் மட்டும் முறை மாறியது. 1995 ஒக்ரோபர் 30, யுத்தத்தில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த நாள். பின்னேரம் ஒலிபெருக்கி கட்டின வாகனம் எல்லாரும் வெளிக்கிடச் சொல்லிப் போனது. மழை. இராச்சாப்பாட்டுக்கு வடித்த சோறு சூட்டோடு இருந்தது. அம்மா பானையை அப்படியே முற்றத்தில் ஜிம்மிக்குக் கவிழ்த்தா. எங்களில் ஒருவரும் இன்னும் சாப்பிடவில்லை. அது சோற்றில் இருந்து தலையை நிமிர்த்தவில்லை. நாங்கள் படலையைச் சாத்திவிட்டுச் செம்மணிப் பக்கம் நடந்தோம். அடுத்த வருசம் திரும்பிப் போனபோது படலையும் இல்லை.

நான் பேசாமல் இருக்க, குளிர் பிடித்துவிட்டது என்று நினைத்து அவள் நெருப்புக்கு இன்னொரு விறகு போட்டுக் கதை தொடங்கினாள். 1925இல் அலாஸ்காவின் நோம் நகரத்தில் தொண்டை அடைப்பான் பரவ, நாய் வண்டிகள் மாறி மாறி மருந்து கொண்டுபோன கதை. ஆக நீளமாக ஓடியவர் லியோன்ஹார்ட் செப்பாலா, கடைசிக் கட்டத்தில் பால்ட்டோ என்ற நாயோடு நோமுக்குள் மருந்தைச் சேர்த்தவர் குன்னார் காசன். இரண்டு பேரும் பிறந்தது இந்த வடக்கு நோர்வேயில். காசனின் ஊர் பூர்ஃபியூர், துரும்சோவுக்குப் போகிற வழியில் நான் எத்தனையோ தரம் கடந்துபோன இடம். ஆக, அவர்களும் ஊரை விட்டுப் போனவர்கள்தான். நியூயோர்க்கில் சிலை வைத்தது பால்ட்டோவுக்கு, காசனுக்கு இல்லை. வெளிநாடு போய் உழைத்தால் பெயர் யாருக்குப் போகும் என்று சொல்ல முடியாது என்றேன். அவள் தொடையில் தட்டிச் சிரித்தாள்.

கதை முடிவதற்குள் ரொட்டி கல்லாகிவிட்டது. நெருப்பில் வாட்டிச் சம்பலோடு கொடுத்தேன். கண்ணீர் வடிய வடிய இன்னொன்று கேட்டாள். அடுத்த நாள் தொடை இரண்டும் என்னுடையவை இல்லை.

வருகிற மார்ச் ஓட்டத்துக்குத் தொண்டராகப் பெயர் கொடுத்திருக்கிறேன். தங்குமிடத்தில் நாய்கள் படுக்க வைக்கோல் சுமக்கிறதும், போன பிறகு அள்ளுகிறதும். அனுபவம் உண்டா என்று கேட்டார்கள். பெரியப்பாவின் மாடுகளுக்கு இழுத்துப் போட்டதை நினைத்து, தாராளமாக உண்டு என்றேன். சாப்பாடு தருவார்களாம். எந்தப் பந்தியில் என்று கேட்கவில்லை.